முதல் பந்தியும் ஒரு மணி பஸ்ஸும்

1

2004 யூன் 5, சனிக்கிழமை, புதுச்சேரி.

நான் கல்யாண மண்டபக்காரனாகி இன்றோடு ஒரு வருடம். காலையில் வேலைக்குப் புறப்படும்போது வீட்டில் இதை அறிவித்தேன். மகள் தர்சினி தோசையிலிருந்து தலை நிமிராமல், "ஹேப்பி பர்த்டேப்பா" என்றாள். மனைவி பவளம், "ஒரு வருசமா? உங்கட சேர்ட்டில சாம்பார் மணக்கிறது எனக்கு இன்னும் பழகேல்லை" என்றாள். இந்த இரண்டு வாழ்த்துகளையும் வாங்கிக்கொண்டுதான் போனேன். இன்று கல்யாணம் ஏதும் இல்லை. மண்டபத்து அலுவலக அறையில் மின்விசிறிக்குக் கீழே இருந்து இதை எழுதுகிறேன்.

ஆசிரியரே, நம் தீவு மலர் இதழை மறுபடி வெளியிடப்போவதாகவும், வெளியே இருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். சண்டை ஓய்ந்து, தொலைபேசித் தொடர்பு சீராகி, கடல் வழி திறந்து, ஊர் கொஞ்சம் மூச்சுவிடும் இந்த நாட்களில் என்னைப் பற்றிப் பலவிதமான கதைகள் அங்கே உலவுவதாகக் கேள்வி. நான் பிரான்சுக்குப் போகக் காத்திருக்கிறேன் என்று ஒரு கதை. மீன் ஏற்றுமதி செய்கிறேன் என்று இன்னொன்று. இரண்டுமில்லை. மேளம், வாழைமரம், பந்தி, தொலைந்துபோன செருப்பு, இவைதான் என் தொழில்.

மலரைப் படிக்கும் இளையவர்களுக்கு என்னைத் தெரிந்திராது. யாழ்ப்பாணக் கரையிலிருந்து வள்ளத்தில் ஒரு மணித்தியாலம் எடுக்கும் நம் தீவில் இருபத்தேழு ஆண்டுகள் கிராம சேவையாளராக இருந்தவன் நான். கடுதாசியில்தான் கிராம சேவையாளர். ஊர் வாயில் 'விதானையார்'. 2002 டிசெம்பர் 31 அன்று, ஐம்பத்திரண்டு வயதில், முன்கூட்டியே ஓய்வு பெற்றேன். மகளுக்கு இங்கே லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பவளத்தின் தமக்கை குடும்பம் ஏற்கெனவே மூலக்குளத்தில் இருந்தது. தை மாதம் வந்து சேர்ந்தோம்.

2

வந்த புதிதில் வெளிநாட்டவர் பதிவுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் சிவப்புத் தொப்பி போட்ட பொலிஸ்காரர். உள்ளே ஒரு நல்ல மனிதர், கண்ணாடிக்கு மேலால் பார்த்தபடி கேட்டார்.

"தொழில்?"

"ஓய்வுபெற்ற கிராம சேவையாளர்."

"அப்டின்னா?"

வதிவிடச் சான்று கொடுப்பது, நற்சான்று கொடுப்பது, வேலிச் சண்டை தீர்ப்பது, நிவாரணம் பங்கிடுவது, புயல் வந்தால் கோயில் மணியை அடிப்பது என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார். இப்ப?" என்றார்.

"இப்ப ஒண்டுமில்லை."

"சும்மா இருக்கீங்கன்னு போட்டுக்கட்டா?"

போட்டுக்கொண்டார். பிறகு, மூலக்குளத்தில் குடியிருப்பதற்கு ஒரு வதிவிடச் சான்று கொண்டுவரச் சொன்னார். எத்தனை ஆயிரம் பேருக்கு அந்தச் சான்றைக் கையெழுத்திட்டுக் கொடுத்தவன் நான்! இங்கே எனக்கு ஒன்று வாங்க ஆறு தரம் நடந்தேன். ஆறாம் தரம் அங்கிருந்த குமாஸ்தா எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் என் ஊர்க்காரர்களை எத்தனை தரம் நடக்கவைத்தேன் என்பதை அந்தத் தேநீரோடு யோசித்துப் பார்த்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. குடியிருக்கவும் வேலை செய்யவும் உரிய அனுமதி எல்லாம் முறைப்படி கிடைக்க வைகாசி ஆகிவிட்டது.

அதுவரை என் நாள் இப்படித்தான்: காலையில் சைக்கிளில் நகரத்துக்குப் போய் நூலகத்தில் பத்திரிகை மேசை. பிறகு, பிரெஞ்சுக்காரர் காலத்துச் சரித்திரப் புத்தகங்கள். பகல் வெயில் ஏறினால் வீடு. இந்த ஊரின் கடலோரத் தெருக்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருப்பதையும், நம் தீவின் ஒழுங்கைகள் ஆடு போன வழியே போவதையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். பவளம் இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, "வேற வேலை கிடைச்சால் நல்லது" என்றாள்.

பிள்ளைகள் மாறிப்போகிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் எழுதத்தான் வேண்டும். திகதி குறித்து வைக்கும் என் வியாதியை நீங்கள் அறிவீர்கள். தர்சினி 'ஓம்' என்பதை விட்டுவிட்டு 'ஆமா' என்று சொன்ன முதல் நாள் 2003 மார்ச் 19. 'அட போப்பா' என்று சொன்னது ஏப்ரலில். 'இன்னாப்பா இப்டி பண்ற' என்று யூலை முதல் கிழமையில். ஆனால் ஊரிலிருந்து சின்னம்மா தொலைபேசி எடுத்தால் போதும். "ஓம் சின்னம்மா, நல்லா இருக்கிறம், நீங்கள் சுகமா இருக்கிறியளோ" என்று ஒரு மூச்சில் திரும்பிவிடுவாள். எங்கள் வள்ளக்காரர்கள் காற்றுக்குத் தக்கபடி பாயைத் திருப்புவதுபோல. அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. திருப்பத் தெரியாதவன் நான்தான் என்பது மண்டபத்துக்கு வந்த பிறகு தெரிந்தது.

3

வேலை கிடைத்தது ஒரு பலகையால். புத்தகம் அடுக்க ஒரு பலகை வாங்குவோம் என்று நகரத்தில் ஒரு மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் யூசுப் பாய், தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். பலகையை அறுக்கிற நேரத்தில் பேச்சுக் கொடுத்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்றேன்.

"கவர்மென்ட்டுல இன்னா வேல பாத்தீங்க?"

"தீவில எல்லா வேலையும் பாக்க வேணும்."

"சண்ட தீப்பீங்களா?"

"ஒவ்வொரு நாளும்."

அவர் அறுப்பை நிறுத்தச் சொன்னார். ரெட்டியார்பாளையத்துக்கும் மூலக்குளத்துக்கும் நடுவில் அவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறதாம். மேலே முகூர்த்த மண்டபம், கீழே சாப்பாட்டுக் கூடம். மேலாளராக வருகிற ஒருவரும் நிலைக்கவில்லையாம்.

"மேளத்துக்கும் சண்ட, வாழ மரத்துக்கும் சண்ட. பந்தின்னா கேக்கவே வேணாம். போன ஆளு சாம்பார் வாளியோட ஓடிட்டான் சார். நீங்க வாங்க. ஆவணி முடியட்டும், பாக்கலாம். அதுக்குள்ள ஒரு சம்மந்தியும் எங்கிட்ட வந்து கம்ப்ளைன்ட் சொல்லலன்னா நீங்க நெரந்தரம். சொன்னா கோச்சிக்காதீங்க, சலாம் சொல்லிட்டு பிரிஞ்சிக்கலாம்."

அந்தப் பலகைக்கு அவர் காசு வாங்கவில்லை. 2003 யூன் 5, வியாழக்கிழமை, வைகாசி இருபத்திரண்டு, நான் மண்டபத்துக்குள் காலடி வைத்தேன்.

அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போய்ச் சேர ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, அரை வருடம் பத்திரிகை மேசையில் இருந்தவனுக்குத்தான் விளங்கும். அங்கே என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இங்கே முதல் நாளே பதினோரு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தண்ணீர் எங்கே, மணவறைக்குப் பூ எப்போது வரும், மாப்பிள்ளைக்குத் தலைவலி, மாத்திரை உண்டா? தீவில் வள்ளத்துக்கு ஆட்களைக் கூப்பிட்ட குரல் ஒலிவாங்கியில் நன்றாக எடுபட்டது. "மணமகனின் சிறிய தாயார் தவறவிட்ட மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருக்கிறது. தயவுசெய்து உளுந்து மாவைத் துடைத்துவிட்டு அணியவும்" என்று நான் அறிவித்தால் சனம் சிரித்தது. சமையல் மாஸ்டர் கலியபெருமாள், "சார் பேசுனா ரேடியோ மாரியே இருக்குது" என்றார். ரேடியோ என்பது புகழ்ச்சியா என்று நான் கேட்கவில்லை.

ஆனி போயிற்று. ஆடியில் கல்யாணம் இல்லை. மண்டபத்துக்கு வெள்ளை அடித்தோம். ஆவணி பிறந்தது. ஒரு முறைப்பாடும் இல்லாமல் இருபது நாள் ஓடின.

4

இந்த இடத்தில் நம் இறங்குதுறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அடுத்த நாள் நடந்தது அதிலிருந்துதான் புறப்பட்டது.

கஷ்டமான காலத்தில் நமக்கு ஒரே ஒரு வள்ளம். காலையில் ஒரு பயணம். கடல் இடம் கொடுத்தால் பின்னேரம் இன்னொன்று. ஏறுகிற வரிசையைச் சொல்வது விதானையாரின் பொறுப்பு. முதலில் நோயாளி. பிறகு பிள்ளைத்தாய்ச்சி. அதற்குப் பிறகு, அக்கரை போய் இன்னும் அதிக தூரம் போக வேண்டியவர். கடைசியில்தான் உள்ளூர்ப் பெரியவர்கள். கோயில் தர்மகர்த்தாவை இரண்டு தரம் கரையில் விட்டுவிட்டு வள்ளத்தை அனுப்பியிருக்கிறேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "நீ செய்தது சரிதான், ஆனால் இன்னொருக்காச் செய்யாதை" என்றார். இன்னொருக்காச் செய்தேன்.

தூரம் போகிறவனுக்கு முதல் இடம். இருபத்தேழு வருடத்தில் இது என் எலும்புக்குள் போய்விட்டது.

5

2003 செப்டெம்பர் 7, ஆவணி இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. பெண் பூங்கோதை, வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் விவசாயி கோவிந்தசாமியின் மகள். மாப்பிள்ளையின் தகப்பன் ஏழுமலை, தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர், லாஸ்பேட்டைக்காரர். பதினொரு மணிக்குத் தாலி ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் மேலே மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே இலை போட எல்லாம் தயார்.

பன்னிரண்டு மணி அளவில் பெண்ணின் அத்தை என்னிடம் வந்தார். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, சண்டைக்கு வருவதுபோல.

"ஏங்க, நீங்கதான மண்டபத்து ஆளு? ஒரு மணி பஸ்ஸ வுட்டா எங்களுக்கு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். மாடு கறக்கணும். மூணு மணிக்கு பால்காரன் கேன எடுத்துனு பூடுவான். சட்டுனு எலயப் போடச் சொல்லுங்க."

எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. சமையலறைக்குப் போனேன்.

"மாஸ்டர், இலையைப் போடுங்கோ."

"சம்மந்தி வூட்டுக்காரங்க இன்னும் கீழ வரல சார்."

"அவை மேல படம் எடுக்கினம். ஆறுதலா வரட்டும். இவைக்கு ஒரு மணிக்கு பஸ்."

"சார், நா சொல்றதக் கேளுங்க. மொதப் பந்தி மாப்ள வூடு. அதான் மொற."

"பஸ் நிக்காது மாஸ்டர்."

"சம்மந்தியும் நிக்க மாட்டாங்க சார்."

நான் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இறங்குதுறையில் நிற்பதுபோல நின்று, இரண்டு கையையும் விரித்து, "ஒரு மணி பஸ்ஸில போற ஆக்கள் மட்டும் முதல்ல வாங்கோ!" என்று கூப்பிட்டேன். பெண் வீட்டுச் சனம் முழுவதும் அந்தப் பஸ்ஸில்தான் போகிறது. கூடம் நிறைந்துவிட்டது. அவர்கள் சாப்பிட்ட அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனம் நிறைந்திருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்சணாமூர்த்தி படியிறங்கி வந்தார். சரிகை வேட்டி, நெற்றியில் சந்தனம், பின்னால் ஒரு இருபது பேர். லாஸ்பேட்டை அரசு குடியிருப்பில் இருக்கும் குமாஸ்தா. ஒரு நாற்காலியும் காலி இல்லை. பாயாசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"யாருய்யா எல போடச் சொன்னது?"

மாஸ்டர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்."

"எந்த ஊரு நீங்க?"

"இலங்கை."

"அங்க சம்மந்திய நிக்க வெச்சிட்டுத்தான் சாப்புடுவாங்களா?"

"அப்பிடி இல்லை ஐயா. நான் அரசாங்க உத்தியோகத்தில இருந்தனான். எங்கட தீவில வள்ளத்துக்குப் போறவையை முதல்ல..."

"வள்ளமா? ரெட்டியார்பாளையத்துல இன்னா கடலா ஓடுது?"

இலைகளின் முன்னால் இருந்த நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் சூடேற்றியது.

"கவர்மென்ட்டுல இருந்தேன்றீங்க, சீனியாரிட்டின்னு ஒண்ணு தெரியாது?"

இருபத்தேழு வருடச் சேவையில் இப்படி ஒரு அடி எனக்கு விழுந்ததில்லை. கோவிந்தசாமி பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவாமல் ஓடிவந்தார்.

"மச்சான், தப்பா நெனச்சிக்காதீங்க..."

"சாம்பாரு நல்லாருந்துச்சா? பாயாசத்தயும் நீங்களே குடிங்க. நாங்க கெளம்புறோம். ஏய், எல்லாம் நாம வெச்ச சீரு ஏனத்த எடுங்க!"

கோவிந்தசாமியின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் கை நனைக்காமல் போனால் அந்தப் பெண் அதை ஆயுள் முழுக்கக் கேட்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு காதுகுத்துக்கும், 'ஒங்கப்பன் வூட்டு சோறு' என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். என் வேலை போவது உறுதி. யாரோ யூசுப் பாய்க்குத் தொலைபேசியும் செய்துவிட்டார்கள். ஆனால் அந்த நிமிடத்தில் என் நெஞ்சை அழுத்தியது மேலே மாலையோடு நின்று படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைதான். அவளுக்கு இன்னும் தெரியாது.

வெளியே பஸ்ஸின் ஒலிப்பான் நீளமாகக் கேட்டது. ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இவர்களாவது போய்ச் சேரட்டும் என்று நினைத்து, "பஸ் வந்திட்டுது! கெதியா வாங்கோ!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

பஸ் மண்டபத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இயந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். முன் படியில் மாப்பிள்ளையின் தகப்பன் ஏழுமலை, பட்டு வேட்டியும் மாலையுமாக, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். தெரு முனையில் போய் நின்று தானே பஸ்ஸை மறித்து ஏறி வந்திருக்கிறார்.

"எறங்கு எறங்கு, படியில நிக்காத! ஆயா, கூடைய வுட்டுட்டு எறங்கு, அத எவனும் தூக்கினு போவ மாட்டான். எல்லாரும் சாப்ட்டாதான் வண்டி எடுக்கும்!"

இறங்கினார்கள். டிரைவர், அன்றைக்கு ஏழுமலைக்குப் பதிலாக வந்த கண்டக்டர், அவர்களுக்குப் பின்னால் ஒரு நாற்பது பயணிகள். உரமூட்டையோடு ஒருவர், முழங்கால் கட்டோடு ஒருவர், ஆட்டுக்குட்டியோடு ஓர் அம்மா.

"ஐயா, அப்ப ஒரு மணி பஸ்?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"இதான் சார் ஒரு மணி பஸ்ஸு. பதினெட்டு வருசமா என் வண்டி. நேத்தே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நாளைக்கு மத்தியான டிரிப்புல வர்றவன் எம் பையன் கல்யாணத்துல சாப்ட்டுட்டுத்தான் வூட்டுக்குப் போவணும்னு."

"எப்ப வெளிக்கிடும்?"

"இன்னாது?"

"எப்ப போகும்?"

"நா சாப்ட்ட பொறவு."

எங்கள் கடலில் காற்று மாறினால் வள்ளம் ஒருவருக்கும் நிற்காது. ஆளைப் பார்த்து நிற்கிற வாகனம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது என் கணக்கிலேயே இருக்கவில்லை. பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. பூங்கோதை ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரைக்கும் அந்தப் பஸ்ஸில்தான் வந்து போனாள். படியில் தொங்குகிற பையன்களை ஒரு நாளும் திட்டாமல் விட்டதில்லை. 'இவ நம்ம வூட்டுக்கு வந்தா எம் பையன் உருப்புடுவான்' என்று கண்டக்டர் தானே பெண் கேட்டுப் போயிருக்கிறார். அந்தக் கல்யாணமே அந்தப் பஸ்ஸின் கல்யாணம்தான்.

ஏழுமலை உள்ளே வந்ததும் தட்சணாமூர்த்தி முறைத்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், நாங்க கெளம்புறோம். இங்க மரியாத இல்ல."

"எதுல கெளம்புவ?"

"ஸ்கூட்டர் இருக்குது."

"ஒன் ஸ்கூட்டருக்கு முன்னாடி பஸ்ஸு நிக்குது."

தட்சணாமூர்த்தி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "தாய்மாமன் கை நனைக்காம நா நனைக்க மாட்டேன். நா சாப்புடலன்னா வண்டி எடுக்க மாட்டேன். எனக்கு மாடும் இல்ல, அவசரமும் இல்ல."

முதல் பந்தியில் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. தங்கள் பஸ் இந்த மனிதரின் வயிற்றில் இருக்கிறது. பெண்ணின் அத்தைதான் முதலில் பாய்ந்தார்.

"அண்ணே, சாப்புடுண்ணே! எம் மாடு ரெண்டும் கத்த ஆரம்பிச்சிருக்கும்."

"மாட்டுக்காக நா சாப்புடணுமா?"

"மாட்டுக்கு வேணாம், எனக்காகச் சாப்புடு. நாங்க மொதல்ல குந்துனது இன்னாத்துக்குன்னு நெனச்ச? சாப்பாடு எப்டி இருக்குதுன்னு பாத்துட்டு ஒங்களுக்குப் போடத்தான்!"

இதைச் சொல்லிவிட்டு, பரிமாறுகிறவர் கையிலிருந்த சாம்பார் வாளியைப் பறித்துக்கொண்டார். அவ்வளவுதான். பெண் வீட்டு ஊர் முழுவதும் வேலையில் இறங்கிவிட்டது. ஆண்கள் எச்சில் இலையை வாரினார்கள். பெண்கள் புது இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். கூலிக்கு வந்த பரிமாறுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சேதி கேட்டுக் கீழே வந்த பூங்கோதை மாலையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

"மாமா, நெய் போடட்டா?"

தட்சணாமூர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போடு. பட்டுல சிந்தாமப் பாத்துப் போடு."

தாய்மாமன் உட்கார்ந்ததும் மற்றவர்களை இருத்துகிற வேலையை ஏழுமலை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாரும் பஸ் சனமும் கலந்து உள்ளே போனார்கள். "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்குது பாரு! ரெண்டு பேரு ஒக்கார்ற எடத்துல மூணு பேரு ஒக்காருங்க, ஒண்ணும் ஆவாது!" வாசலில் மறுபடி விரித்திருந்த கைகளை அப்போதுதான் கீழே போட்டேன். மாஸ்டர் அடுப்பில் மறுபடி அரிசி போட்டுவிட்டு என்னைக் கடந்து போகையில், "சார், அப்பளம் தீந்துடுச்சி. தீவுல அப்பளம் இல்லன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

தட்சணாமூர்த்தி அன்றைக்குச் சாப்பிட்டதுபோல ஒரு மனிதர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ரசம் இரண்டு தரம். பாயாசம் மூன்று தரம். ஒவ்வொரு தரமும் மாட்டுக்கார அத்தையை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

"மோரு இருக்குதா?"

"இருக்குது, இருக்குது, கையக் காட்டு!"

"அவசரப்படுத்தாதம்மா. செரிக்காது."

ஊரே சிரித்தது. இந்த முறை அவரும் சிரித்தார்.

யூசுப் பாய் வந்து சேரும்போது ஒன்றரை. ஸ்கூட்டரை உள்ளே கொண்டுவர முடியாமல், பஸ்ஸுக்கும் மதிலுக்கும் இடையில் பக்கவாட்டாக நுழைந்து, சட்டையெல்லாம் சுண்ணாம்போடு வந்தார். என்னைப் பார்த்த பார்வையில் சலாம் தயாராக இருந்தது. நேரே தாய்மாமனிடம் போனார்.

"அண்ணே, ஏதோ கம்ப்ளைன்ட்டுன்னு போன் வந்துச்சு."

தட்சணாமூர்த்தி இலையை மடித்தார். மெதுவாக எழுந்தார்.

"ஆமா பாய், கம்ப்ளைன்ட்டுதான். இந்த ஆளுக்கு சீனியாரிட்டி தெரியல."

பாய் தலையை ஆட்டினார்.

"வர்ற தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். மண்டபம் எங்களுக்குக் குடு. இந்த சிலோன் சாருதான் வாசல்ல நிக்கணும். அன்னிக்கு நா பொண்ணு வூட்டுக்காரன். எஞ் சனம் பூரா வெளியூர்லேந்து பஸ்ல வருது. மொதப் பந்தி எங்களுக்குத்தான், சொல்லிட்டேன்."

யூசுப் பாய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இது கம்ப்ளைன்ட்டா, புக்கிங்கா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"அப்ப ஆவணி முடியற வரைக்கும் எதுக்குப் பாக்கணும்? வாட்ச்மேன்கிட்டேந்து மண்டபத்து சாவிய வாங்கிக்கங்க. இனிமே அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி பஸ் புறப்பட்டது. ஆட்டுக்குட்டி வாழையிலை ஒன்றை மென்றபடி சன்னலால் பார்த்தது. அத்தை படியில் நின்று, "பால் வீணாப்போனா ஒங்ககிட்டதான் வந்து கேப்பேன்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். தட்சணாமூர்த்தியின் ஸ்கூட்டருக்கும் வழி கிடைத்தது.

6

கூடத்தைக் கழுவி முடித்து, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனபோது மாலை. பவளமும் தர்சினியும் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளைக் கையில் பிடித்தபடியே முழுவதையும் சொன்னேன். கதை கடல் ஓடுகிற இடத்துக்கு வந்ததும் தர்சினி பூவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். தாய்மாமன் மோர் கேட்ட இடத்தில் பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டார். நான் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

"எனக்கு உத்தியோகம் கிடைச்சிட்டுது" என்றேன்.

பவளம் சாவியைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள்.

"அப்ப வைகாசியில இருந்து ஒவ்வொரு நாளும் எங்க போய் வந்தனீங்கள்?" என்றாள்.